மூளையின் கடைமடை

ஆற்றில் நீர் கரைபுரண்டு ஓடுகின்றது என்பதனால் மட்டும் ஊரில் உள்ள வயல்கள் எல்லாம் விளைந்துவிடும் என்று சொல்ல இயலாது. ஆற்றிலிருந்து கால்வாயும், கால்வாயிலிருந்து கிளை வாய்க்காலும், அதிலிருந்து கண்ணி வாய்க்காலும் பிரிந்து சென்று கடைமடை வயலை நனைத்தால்தான் அங்குள்ள பயிர் பிழைக்கும். இடையில் ஒரு சிறு வாய்க்கால் தூர்ந்துபோனால், ஆற்றிலே எவ்வளவு நீர் ஓடினும் அவ்வயல் வாடியே தீரும். உழவர்கள் இதனை நன்கு அறிவர். ஆதலின், நீர் வருவதற்கு முன்னரே வாய்க்காலைத் தூர் எடுத்துக் கரையைச் செப்பனிடுகின்றனர். நம் தலையினுள்ளும் இத்தகைய பாசனம் ஒன்று இரவு பகலாக நடைபெற்று வருகின்றது. அங்கே ஓடுவது குருதி. அதனால் விளைவது அறிவு. அப்பாசனத்தின் கடைமடையில் ஓசையின்றித் தோன்றும் நோய் ஒன்றனைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அஃதாவது, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே ஆகும். ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கின்றது. நிமிடந்தோறும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் குருதி அதனுள் பாய்கின்றது. தசைகள் சிறிது உணவைச் சேமித்து வைத்துக்கொள்ள வல்லவை. மூளையிலோ சொல்லத்தக்க சேமிப்பு இல்லை. அது நாட்கூலிக்காரனைப் போல அன்றன்றைக்கு வருவதைக் கொண்டே அன்றன்றைக்கு வாழ்கின்றது. குருதியோட்டம் முற்றிலும் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்புகின்றது. சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்குகின்றன. தோலிலே பட்ட காயம் ஆறிப் புதுத்தோல் வளர்கின்றது. மடிந்த நரம்பணுக்களின் இடத்தில் அவ்வாறு புதியவை வளர்ந்து நிரம்புவதில்லை.

மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் பெருங்குழாய்கள் நான்கு. கழுத்தின் முன்புறத்தில் வலமும் இடமுமாக இரண்டு செல்கின்றன. பின்புறத்தில் முள்ளெலும்புகளின் துளைகள் வழியாக இரண்டு ஏறுகின்றன. இந்நான்கும் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையம் போல் அமைகின்றன. இவ்வளையத்தை 1664 ஆம் ஆண்டில் தம் நூலில் தெளிவாக விளக்கியவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். அதனால் இஃது இன்றும் வில்லிஸ் வளையம் என்றே வழங்குகின்றது. அந்நூலுக்குப் படங்கள் வரைந்து உதவியவர், பின்னாளில் இலண்டன் நகரத்துத் தூய பவுல் பேராலயத்தை அமைத்துப் புகழ்பெற்ற கிறிஸ்டபர் ரென் என்பவராவர். இவ்வளையத்தினால் ஒரு நன்மை உண்டு. நான்கு குழாய்களுள் ஒன்று மெல்ல மெல்ல அடைபட்டாலும், மற்றவை வளையத்தின் வழியே குருதியை அனுப்பி அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

ஆனால், அந்த நன்மை மூளையின் எல்லா இடங்களுக்கும் கிட்டுவதில்லை. வளையத்திலிருந்தும் அதனை அடுத்த பெருங்குழாய்களிலிருந்தும் மிக நுண்ணிய குழாய்கள் பல நேரே கிளைத்து, மூளையின் ஆழத்தைத் துளைத்துச் செல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மேற்பரப்பிலிருந்தும் இவ்வாறே நீண்ட நுண்குழாய்கள் உள்நோக்கி இறங்குகின்றன. இவை ஒன்றற்கொன்று உதவுவதில்லை. ஒவ்வொரு குழாயும் தனக்குரிய சிறு நிலத்திற்கு மட்டும் நீர் பாய்ச்சும் கடைசி வாய்க்காலைப் போன்றது. அது தூர்ந்தால் அந்நிலத்திற்கு வேறு வழியாக நீர் வருவது அரிது. மற்றும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. படிப்படியாகப் பிரிந்து வரும் வாய்க்காலில் நீரின் வேகம் தணிந்துவிடும். பேராற்றிலிருந்து நேரே வெட்டிய சிறு வாய்க்காலிலோ வெள்ளத்தின் வேகம் முழுவதும் மோதும். பெருங்குழாயிலிருந்து நேரே கிளைக்கும் இந்நுண்குழாய்களும் குருதி அழுத்தத்தின் தாக்குதலை அவ்வாறே ஏற்கின்றன.

அழுத்தம் மிகுந்தும் நீடித்தும் இருக்குமானால் இக்குழாய்களின் சுவர் தடித்து இறுகுகின்றது, உட்புழை குறுகுகின்றது, தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் தன்மை கெடுகின்றது. நீரிழிவும் புகைபிடித்தலும் இக்கேட்டை விரைவுபடுத்துகின்றன. இதனால் மூன்று வகைத் தீங்குகள் விளைகின்றன. குழாய் முற்றிலும் அடைபட்டால், அதற்குரிய இடம் மடிந்து, பயறு அல்லது மொச்சை அளவிற்கு ஒரு சிறு குழி உண்டாகின்றது. குழாய் வெடித்தால் குருதி கசிந்து மூளைக்குள் பரவுகின்றது. அடைபடாமலும் வெடிக்காமலும் நெடுங்காலம் குறைந்த குருதியே பாய்ந்தால், மூளையின் பகுதிகளை இணைத்துச் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளாலான வெண்பொருள் சிறிது சிறிதாகச் சிதைகின்றது. இம்மூன்றையும் சேர்த்தே மூளையின் சிறுகுழாய் நோய் என்று மருத்துவர்கள் வழங்குகின்றனர். குருதிக்குழாய் அடைபடுவதனால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இந்நோயினால் நேர்வதாகும்.

மொச்சையளவுள்ள குழியினால் பெரிய தீங்கு என்ன வரப்போகின்றது என்று நீங்கள் எண்ணலாம். அக்குழி எங்கே ஏற்படுகின்றது என்பதே கேள்வி. முகத்தையும் கைகால்களையும் இயக்கும் ஆணைகள் மூளையின் மேற்பரப்பிலிருந்து புறப்பட்டு, ஆழத்தில் உள்ள ஒரு குறுகிய கணவாயின் வழியாக இறங்குகின்றன. பரந்த வெளியில் ஒரு பாறை உருண்டு விழுந்தால் வண்டிகள் விலகிப் போய்விடும். மலைக்கணவாயில் அதே பாறை விழுந்தால் போக்குவரத்து முழுவதும் நின்றுவிடும். அது போலவே, அக்கணவாயில் ஒரு சிறு குழி விழுந்தால் ஒரு பக்கத்து முகமும் கையும் காலும் ஒருங்கே செயலிழக்கின்றன.

இவ்வுண்மை ஒரே நாளில் விளங்கியதன்று. பக்கவாதம் தெய்வக் குற்றத்தால் வருவதென்றும், உடலின் நீர்கள் நிலை திரிவதால் வருவதென்றும் பண்டைக் காலத்தில் பலர் கருதினர். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவராகிய யோகான் யாக்கோப் வெப்பர் என்பவர், இறந்தோர் சிலரின் மூளையை அறுத்து ஆராய்ந்து, திடீர்ப் பக்கவாதத்திற்கு மூளையினுள் நேரும் குருதிக் கசிவு காரணமாதலை 1658 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூளையின் ஆழத்தில் காணப்படும் சிறு குழிகளைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1838 முதல் குறித்து வந்தனர். 1901 ஆம் ஆண்டில் பியேர் மாரி என்பவர் அவற்றை விரிவாக விளக்கினார். அதன்பின் அறிஞர் உலகம் அவற்றைப் பெரிதும் மறந்தது என்றே சொல்லலாம்.

மறந்ததை மீட்டுத் தந்தவர் கனடா நாட்டில் பிறந்த சார்லஸ் மில்லர் பிஷர் (1913–2012) என்னும் நரம்பியல் மருத்துவர் ஆவார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1941 இல் தம் கப்பல் மூழ்கடிக்கப்பட, செருமானியரிடம் போர்க்கைதியாகி ஆண்டுகள் சிலவற்றைச் சிறையில் கழித்தார். போருக்குப் பின் பாஸ்டன் நகரில் பணியாற்றுகையில், இறந்தோரின் மூளையை மிக மெல்லிய சீவல்களாகத் தொடர்ந்து அரிந்து, ஒவ்வொரு சிறு குழிக்கும் காரணமான நுண்குழாய் எங்கே அடைபட்டது என்று பொறுமையோடு தேடினார். உயிரோடு இருக்கையில் அந்நோயாளிகளிடம் கண்ட குறிகளையும் அக்குழிகளையும் ஒப்பிட்டு, எவ்விடத்துக் குழி எக்குறியைத் தரும் என்பதை 1960 களில் வரையறுத்தார். நோயாளியின் படுக்கையருகில் அமர்ந்து அவர் கண்டவை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக உள்ளன.

பிஷரின் காலத்தில் இறந்தோரின் மூளையையே காண இயன்றது. 1971 ஆம் ஆண்டில் காட்ப்ரீ ஹவுன்ஸ்பீல்டு என்பவர் அமைத்த சி.டி. படக்கருவி, உயிரோடிருக்கும் மனிதனின் மூளையை முதன்முதலாகப் படம் பிடித்தது. அதன்பின் வந்த எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவி, அரிசியளவுள்ள குழியையும் காட்டியது. அப்போது மருத்துவர்கள் எதிர்பாராத செய்தி ஒன்று வெளிப்பட்டது. பக்கவாதம் என்பதையே அறியாத முதியோர் பலருடைய மூளையிலும் இச்சிறு குழிகள் காணப்பட்டன. அவை ஊமைக் குழிகள். கணவாயில் விழாமல் அக்கம்பக்கத்தில் விழுந்தமையால் அவை குரல் கொடுக்கவில்லை. ஆயினும் அவை தீங்கற்றவை அல்ல. எண்ணிக்கை பெருகப் பெருகச் சிந்தனை மந்தமாகின்றது, நடை தளர்கின்றது, பிற்காலத்தில் மறதி நோய்க்கும் அவை வழி வகுக்கின்றன.

இஃதெல்லாம் முதியோருக்கு உரிய செய்தியன்றோ? இளையோராகிய எங்களுக்கு இதனால் என்ன என்று நீங்கள் வினவக்கூடும். இவ்வெண்ணமே இந்நோயின் முதல் துணைவன். பக்கவாதம் காண்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து பேர் பதினெட்டுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். இவர்களுக்கு அந்நோய் வரும் காரணங்கள் பல. இதயத்தில் உறைந்த குருதிக்கட்டி மூளைக்குச் செல்லுதல், கழுத்துக் குழாயின் உட்சுவர் கிழிதல் ஆகியவை அவற்றுள் சில. இருபது வயதினரிடம் சிறுகுழாய் நோய் அரிதே. ஆனால் முப்பத்தைந்தைக் கடக்கும்போது அதன் பங்கு வளர்கின்றது. உயர்ந்த குருதி அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவை இளமையிலேயே குடிபுகுந்ததன் விளைவு அது. உயர்ந்த அழுத்தம் வலிப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, பசியைக் கெடுப்பதும் இல்லை. அளந்தாலன்றி அறிய இயலாத பகை அது. அளக்கும்போது மேலெண் 140 க்கோ கீழெண் 90 க்கோ குறையாமல் மீண்டும் மீண்டும் காணப்பட்டால், அது மிகை அழுத்தம் எனப்படும். இருபத்தைந்து வயதில் அளக்கப்படாத அழுத்தம், நாற்பத்தைந்தில் பக்கவாதமாக முகங்காட்டுவதும் உண்டு.

அழுத்தம், நீரிழிவு ஆகியவை இன்றியும் இளமையிலேயே இந்நோய் வருவது உண்டோ? உண்டு என்பதைப் பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் கண்டறிந்த வரலாறு கருதத்தக்கது. 1976 ஆம் ஆண்டில் மாரி ஜெர்மேன் பூசேர் என்னும் பெண் மருத்துவரிடம் ஐம்பது வயதுடைய ஒருவர் வந்தார். அவருக்குப் பக்கவாதம் கண்டிருந்தது. மூளையில் சிறு குழிகளும் வெண்பொருட் சிதைவும் இருந்தன. ஆனால் அவற்றுக்குரிய வழக்கமான காரணம் எதுவும் அவரிடம் இல்லை. பின்னர் அவருடைய குடும்பத்தாரிடமும் அந்நோயின் குறிகள் தோன்றின. மருத்துவர்கள் அக்குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தனர். காந்தப் படக்கருவியில் பார்த்தபோது, நோய்க்குறி எதுவும் இல்லாத இளையோர் சிலருடைய மூளையிலும் வெண்பொருள் மாறியிருந்தது தெரிந்தது. எலிசபெத் தூர்னியே லாசேர்வ், ஆன் ஜூடெல், ஊக் சப்ரியா ஆகிய அறிஞர்கள் பூசேருடன் சேர்ந்து உழைத்தனர். 1993 இல் நோயின் காரணம் 19 ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. நோய்க்குக் கடாசில் என்னும் பெயரும் அமைந்தது. 1996 இல் நாட்ச் 3 என்னும் மரபணுவின் பிழையே அதற்குக் காரணம் என்பது உறுதியாயிற்று. ஒரு நோயாளியிடம் தொடங்கிய தேடலுக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்நால்வருக்கும் 2019 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் மூளைப் பரிசு வழங்கப்பெற்றது.

நாட்ச் 3 மரபணு, நுண்குழாய்ச் சுவரில் உள்ள தசையணுக்களைப் பேணுவதற்குரிய ஒரு புரதத்தை அமைக்கின்றது. பிழைபட்ட புரதம் சுவரைச் சுற்றிப் படிந்து தங்குவதனால் தசையணுக்கள் நலிகின்றன; சுவர் தடிக்கின்றது. பலருக்கு முப்பது வயதளவில், கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றிப் பின்வரும் ஒற்றைத் தலைவலியே முதற்குறியாகின்றது. நாற்பது, ஐம்பதுகளில் பக்கவாதம் மீண்டும் மீண்டும் வருகின்றது. தாய் தந்தையருள் ஒருவரிடம் இப்பிழை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. இதனைப் படித்துவிட்டுத் தலைவலி வந்தபோதெல்லாம் அஞ்சுதல் வேண்டா. ஒற்றைத் தலைவலி மிகப் பலருக்கு வருவது. கடாசில் மிகச் சிலருக்கே வருவது. சப்பான் நாட்டுக் குடும்பங்களில் வேறு மரபணுப் பிழையால் வரும் இதைப் போன்ற மற்றொரு நோயும் கண்டறியப்பட்டுள்ளது. இளமையிலேயே தலைமயிர் உதிர்வதும் முதுகு வலியும் அதன் உடன்குறிகள். தாய் தந்தை இருவரிடமும் அப்பிழை இருந்தாலன்றி அது முழு உருவில் தோன்றுவதில்லை. ஆகவே நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் அது மிகுதியாகக் காணப்பட்டது.

கடாசில் நோயின் அடிப்படைப் பிழையை நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அங்ஙனமாயின் அதனை அறிவதால் பயன் யாது? இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். அம்மரபணுப் பிழையுடையவர்களை ஆராய்ந்தபோது, புகைபிடிப்போருக்குப் பக்கவாதம் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருவது காணப்பட்டது. உயர்ந்த அழுத்தமும் அவர்களுடைய நிலையை மேலும் கெடுக்கின்றது. பிறப்பு ஒன்றைத் தந்துவிட்டது. ஆயினும் அது வரும் நாளை ஓரளவு தள்ளிவைப்பது அவரவர் ஒழுக்கத்தின் கையில் உள்ளது. மரபணுவே பிழையானவர்க்கு இஃது உண்மையாயின், அப்பிழை இல்லாத நம்மனோர்க்கு எவ்வளவு உண்மையாகும்! குடும்பத்தில் இந்நோய் இருப்பின் அதனைப் பழியாகக் கருதி மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்காகும். அதே வேளையில், தன் மரபணுவைச் சோதித்து அறிவதா வேண்டாவா என்பதை, வயது வந்தபின் மருத்துவரின் அறிவுரையோடு அவரவரே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவை ஒருவர்மேல் மற்றொருவர் திணித்தல் முறையன்று.

பக்கவாதம் தோன்றியவுடன் அறிந்துகொள்ளும் வழியை ஒவ்வொரு மாணவரும் கற்றிருத்தல் வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றும் முதன்மையான குறிகள். திடீரென நடை தடுமாறுதலும் பார்வை கெடுதலும் கூட எச்சரிக்கைகளே. ஓர் இளைஞன் நா குழறித் தடுமாறினால், அவன் குடித்திருப்பான் என்றோ, தூக்கம் போதவில்லை என்றோ, நடிக்கின்றான் என்றோ பலர் எண்ணிவிடுகின்றனர். வயதைக் கண்டு ஏமாறுவதனால் விலைமதிப்பற்ற நேரம் வீணாகின்றது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் பயன் உண்டு என்பது 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வால் உறுதிப்பட்டது. தக்க நோயாளிகளுக்கு நான்கரை மணி நேரம் வரையிலும் பயன் உண்டு என்று 2008 இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அம்மருந்தைத் தருவதற்கு முன், மூளையில் குருதிக் கசிவு இல்லை என்பதைப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆகவே தைலம் தேய்த்தும், பொழுது விடியட்டும் என்று காத்திருந்தும் காலங்கழித்தல் ஆகாது. உடனே 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தை நினைவிற்கொண்டு மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கக்கூடுமாதலின் சோறோ நீரோ மாத்திரையோ வாயில் கொடுத்தல் கூடாது. சில நிமிடங்களில் குறிகள் தாமே மறைந்துவிட்டாலும் வாளாவிருத்தல் தவறு. அது பெரும் பக்கவாதத்திற்கு முன்னர் வரும் தூதாக இருக்கலாம்.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. ஒரு நாளில் ஐந்து கிராமிற்கு, அஃதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு, மேற்படாமல் உப்பு உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் அடங்கும். புகையிலையை எவ்வடிவிலும் தொடாதிருத்தல், நாள்தோறும் உடல் வியர்க்க ஓடியாடுதல், காய்கனிகளை மிகுதியாக உண்ணுதல், போதிய அளவு உறங்குதல் ஆகியவை நுண்குழாய்களைக் காக்கும். குருதி அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோரிடம் வெண்பொருட் சிதைவு மெதுவாகவே வளர்ந்தது என்று 2019 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களே அதில் பங்கு கொண்டனர். அவ்வயதிலும் தூர் எடுப்பது பயன் தருமாயின், இளமையில் வாய்க்காலைத் தூராமல் காப்பது எத்துணைப் பயன் தரும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

மாணவர்களே! இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் உங்கள் தாய் தந்தையரிடமும், அண்ணன் அக்காள்மாரிடமும், "குருதி அழுத்தத்தை அளந்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள். அளந்ததே இல்லை என்பது அவர்களுடைய விடையாயின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கையில் பட்டையைச் சுற்றி அளப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பயிர் வாடிய பின்னர் வாய்க்காலைத் தேடும் உழவனை ஊரார் எள்ளி நகையாடுவர். நம் தலையினுள் ஓடும் வாய்க்கால்களோ கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரியாததைக் காப்பதற்குத்தான் அறிவு வேண்டும். அவ்வறிவு விளையும் வயலே மூளையாதலின், அதனைக் காப்பது அவ்வறிவின் முதற்கடமையாகும்.